கழித்துக்கட்டும் சுரப்பி

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். “எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் வந்தது என்கிறார்கள். அதைக் கூட்ட என்ன கொடுக்கலாம்?” என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் மகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. கிருமியைத் தாக்க வேண்டிய அது, அவளுடைய மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கிக்கொண்டிருக்கிறது.

வெள்ளையணுக்கள் கிருமியை அழிப்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அவை நம்மை ஏன் அழிக்காமல் விட்டு வைக்கின்றன என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. அந்த வெள்ளையணுக்களில் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. ஒவ்வொரு டி செல்லும் மரபணுத் துண்டுகளைக் கலைத்துப் போட்டு, கிருமியை இனம்கண்டு பற்றுவதற்கு, தனக்கென ஓர் உணர்வானை உருவாக்கிக்கொள்கிறது. நாளை வரப்போகும் கிருமி எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாதே! ஆனால் கண்மூடித்தனமாகக் கலைத்துப் போட்டால் நம் கணையத்தையும் நரம்பையும் குறிவைக்கும் செல்களும் பிறக்கத்தான் செய்யும்.

அவற்றைக் களையும் இடம் தைமஸ் சுரப்பி. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் செல்கள் இங்கே வந்துதான் முதிர்கின்றன. அம்மா முறத்தில் அரிசி புடைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். பதரும் போக வேண்டும், கல்லும் போக வேண்டும். தைமஸிலும் அப்படித்தான். எதையுமே பற்றத் தெரியாத செல் பதர். நம் உடலின் புரதத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் செல் கல். இரண்டுமே மடிகின்றன. ஆனால் அம்மாவின் முறத்தில் அரிசிதான் அதிகம் மிஞ்சும். தைமஸிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கழிந்துபோகின்றன.

என்னை மிகவும் கவர்ந்த விந்தை இனிமேல்தான். இன்சுலின் சுரப்பது கணையம். நெஞ்சுக்குள் இருக்கும் இளம் செல்லுக்கு இன்சுலினை யார் காட்டுவது? தைமஸின் செல்களே கொஞ்சம் தயாரித்துக் காட்டுகின்றன! மற்ற உறுப்புகளுக்கே உரிய ஆயிரக்கணக்கான புரதங்களையும் இப்படித் துளித்துளியாக உண்டாக்குகின்றன. இதை நடத்தும் ‘எய்ர்’ மரபணு 1997-இல் கண்டறியப்பட்டது. அது பழுதான பிள்ளைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுரப்பிகள் கெடுகின்றன. பின்லாந்திலும் சார்டினியாவிலும் இந்நோய் சற்று அதிகம்.

இத்தனை சலித்தும் சில கற்கள் தப்பிவிடும். அவற்றை அடக்கி வைக்கவென்றே தனி டி செல்கள் இருப்பதை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் காட்டினார். மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் சேர்த்து அவருக்கு 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கட்டுப்பாடும் தவறும்போதுதான் முடக்குவாதம், லூபஸ், முதல் வகைச் சர்க்கரை நோய் போன்றவை தலைகாட்டுகின்றன.

இவ்வளவு பெரிய வேலை செய்யும் உறுப்பை மருத்துவ உலகம் வெகுகாலம் உதவாக்கரை என்றே நினைத்தது. 1961-இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் நடந்ததை நினைத்தால் மனம் பதைக்கிறது. நோயில் நலிந்தவர்களின் தைமஸ் சுருங்கிவிடும். பிரேதங்களில் கண்ட அந்த அளவையே இயல்பென்று நம்பி, நல்ல ஆரோக்கியமான கைக்குழந்தைகளின் தைமஸை ‘வீக்கம்’ என்று சொல்லிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

அரைகுறை அறிவோடு உடலில் கைவைப்பது இன்றும் நிற்கவில்லை. ‘எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்’ என்று எழுதிய டப்பாக்கள் கடைகடையாக விற்கின்றன. அடக்க வேண்டியதைத் தூண்டச் சொல்லும் விளம்பரத்தை உங்கள் மகளின் நோய்க்கு மருந்தாக எண்ணாதீர்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பவை. தொடக்கத்திலேயே ஒழுங்காகச் சாப்பிட்டால் மூட்டுகள் சிதையாமல் காக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்திருந்தால், இந்நோய்க்கு அது வாரம் ஒருமுறை சாப்பிடும் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு, மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.