தொலைக்காட்சி அலைகளின் வலிமை வேறுபடுவது ஏன்?

பாலக்காட்டிலிருந்து கிழக்கே தமிழக எல்லையை நோக்கிச் செல்வோர் காணும் சமவெளி ஊர்களுள் எலப்புள்ளியும் ஒன்று. வடக்கே நீலகிரியைச் சார்ந்த மலைகளும், தெற்கே நெல்லியாம்பதியும் ஆனைமலைத் தொடரும் சுவர்போல் நிற்க, இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. மின்காந்த அலைகளைத் தடுப்பவையும் திசை மாற்றித் திருப்புபவையும் இம்மலைகளே. இத்தகைய ஊரில் கூரைமேல் ஆன்டெனா நிறுவியோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்புகளுள் ஒன்று தெளிவாகத் தெரிய, மற்றொன்று தெரியாமற்போவது எதனால்?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். மக்கள் ‘சேனல்’ என்று கூறுவது நிகழ்ச்சி வரிசையை. பொறியியலார் அளப்பதோ அந்நிகழ்ச்சிகளைச் சுமந்து வரும் அதிர்வெண்ணை. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பில் பல நிகழ்ச்சி வரிசைகள் ஒரே அதிர்வெண்ணில் ஒன்றாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. ஒரே கட்டில் வரும் வரிசைகளின் அலைவலிமை ஒன்றேயாகும். அவற்றுள் ஒன்று மட்டும் வலுக்குறைந்து வருவதற்கு இடமில்லை. வேறுபாடு தோன்றுவது கட்டுக்கும் கட்டுக்கும் இடையில்தான். பார்ப்பவர் குறை கூறும்போது, இரண்டு வரிசைகளும் ஒரே அதிர்வெண்ணைச் சேர்ந்தவையா என்பதைக் களப்பணியாளர் முதலில் விசாரித்தால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அதிர்வெண்கள் வேறானால் வலிமை மாறுவதற்குரிய காரணங்களுள், வகுப்பறையில் கரும்பலகையிலேயே விளக்கத்தக்கது அலைகளின் குறுக்கீடு. கோபுரத்திலிருந்து நேரே வரும் அலையுடன், நிலத்திலோ அண்டை வீட்டுச் சுவரிலோ பட்டுத் திரும்பிய அலையும் ஆன்டெனாவை வந்தடைகிறது. திரும்பிய அலை 3 மீட்டர் மிகுதியாகப் பயணம் செய்ததாகக் கொள்வோம். 500 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் 60 சென்டிமீட்டர். ஆகவே 3 மீட்டரில் சரியாக 5 அலைகள் அடங்கும். இரண்டு அலைகளும் முகடோடு முகடு சேர்ந்து வலுப்பெறும். 550 மெகாஹெர்ட்ஸிலோ அதே 3 மீட்டரில் ஐந்தரை அலைகள் அடங்குகின்றன. முகடும் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று தேய்த்துவிடும். மோதித் திரும்புகையில் அலை தலைகீழாகிவிடுமாயின், வலுப்பெறுவது 550, மெலிவது 500 என முடிவு இடம் மாறும். ஆயினும் வேறுபாடு நீங்குவதில்லை. இங்கே கோபுரத்தின் ஆற்றலிலும் குறையில்லை, ஆன்டெனாவிலும் குறையில்லை. ஆன்டெனாவை ஒரு முழம் ஏற்றினாலோ நகர்த்தினாலோ 3 மீட்டர் என்ற அளவு மாறி, நிலைமை முற்றிலும் வேறாகலாம். ஒரு வீட்டில் கண்ட உயரத்தை அடுத்த வீட்டிற்கும் பொருந்துமெனக் கொள்வது வீண்.

மலைகளைக் கடப்பதிலும் அதிர்வெண்ணுக்குப் பங்குண்டு. கொடைக்கானலிலிருந்து எலப்புள்ளிக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இடையில் பழநி மலையின் மேற்குப் பகுதியும் ஆனைமலையின் வடசரிவுகளும் குறுக்கிடுகின்றன. கொடைக்கானல் பண்பலை வானொலியின் அதிர்வெண் 100.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். இத்தகைய நீண்ட அலை, மலைமுகட்டைச் சுற்றி ஓரளவு வளைந்து நிழற்பகுதியில் இறங்கும். 60 சென்டிமீட்டர் அலை அவ்வளவு வளைவதில்லை. மேலும், அதிர்வெண் இரட்டித்தால் எளிய ஆன்டெனா பற்றும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். கம்பிவடத்தில் ஏற்படும் இழப்பும் உயர் அதிர்வெண்ணில் மிகுதி. ஆன்டெனா எந்த அதிர்வெண் எல்லைக்கெனச் செய்யப்பட்டதோ, அவ்வெல்லைக்கு மேலே அதன் திறன் விரைந்து வீழ்ச்சியுறும். பழைய ஆன்டெனாவையே வைத்துக்கொள்ளலாம் என்னும் சிக்கனம் பலவிடங்களில் தோல்வியுறுவது இதனாலேயே.

பழைய அனலாக் முறையில் வலிமை குறையக் குறையப் படத்தில் வெண்புள்ளிகள் மிகுந்தன. மலையில் பட்டுத் திரும்பிய அலை, படத்தினருகே மற்றொரு நிழலுருவாய்த் தோன்றியது. பார்ப்பவருக்கு முன்னறிவிப்புக் கிடைத்தது. டிஜிட்டல் முறையில் அஃதில்லை. ஓர் எல்லை வரை படம் பழுதின்றித் தெரியும். அதற்குக் கீழே சிறிது இறங்கினாலும் கட்டங்களாக உடைந்து நின்றுவிடும். இரண்டு அதிர்வெண்களின் வலிமை 3 டெசிபல், அதாவது ஒன்று மற்றொன்றில் பாதி, என்ற அளவே வேறுபட்டாலும், ஒன்று எல்லைக்கு மேலும் மற்றொன்று கீழும் அமைந்தால், பார்ப்பவருக்கு ஒன்று முழுமையாகவும் மற்றொன்று இல்லாததாகவும் தோன்றும். இதற்குப் பலரும் நாடும் மருந்து மின்பெருக்கி. அது கம்பிவடத்தின் இழப்பை ஈடுசெய்யும். ஆனால் ஆன்டெனாவிலேயே அலையோடு கலந்துவிட்ட இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். வலிமையான அதிர்வெண் ஒன்று மின்பெருக்கியைத் திணறச் செய்து, மெலிந்ததையும் கெடுப்பதுண்டு. ஆகவே பெட்டியின் திரையில் காணும் ‘வலிமை’, ‘தரம்’ என்னும் இரண்டு அளவுகளில் பின்னதே நம்பத்தக்கது.

இந்தியாவில் தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழிச் சேவையைத் தொடங்கிற்று. அவற்றுள் சென்னை இருந்தது. கேரள நகரம் எதுவும் இல்லை. பழைய அனலாக் பரப்பிகளுள் பெரும்பாலானவை 2022 மார்ச் மாதத்திற்குள் படிப்படியாக மூடப்பட்டன. கட்டணமின்றித் தொலைக்காட்சி காண விரும்பும் சிற்றூர்க் குடும்பங்களுக்கு இன்று பெரும்பாலும் துணையாவது டி.டி. ஃப்ரீ டிஷ். இதன் துணைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. எலப்புள்ளியிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கே, அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 67 பாகை உயரத்தில் இருக்கும். எனவே நெல்லியாம்பதி அதற்குத் தடையன்று.

எனினும் பழைய கேள்வி கூரையை விட்டு நீங்கவில்லை. துணைக்கோளிலும் நிகழ்ச்சிகள் பல அதிர்வெண்களில் கட்டுக்கட்டாகவே வருகின்றன. தட்டு சிறிது திரும்பியிருந்தாலும், அதன் முன்னுள்ள எல்.என்.பி. முறுகியிருந்தாலும், எல்லாக் கட்டுகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. தென்மேற்குப் பருவமழையில் முதலில் மறைவது மெலிந்த கட்டேயாகும். வகுப்புக்கொரு தொலைக்காட்சி என 2020இல் அறிவிக்கப்பட்ட பி.எம். இ-வித்யா பாடங்கள் இவ்வழியாகவும் வருவதால், இது பொழுதுபோக்குப் பற்றிய குறை மட்டுமன்று. ஒரு வகுப்பிற்குப் பாடம் கிடைக்க, மற்றொரு வகுப்பிற்குக் கிடைக்காமற்போகலாம். ஆசிரியரோ அன்று ஒளிபரப்பே இல்லையென எண்ணிவிடக்கூடும்.

தட்டையோ ஆன்டெனாவையோ பொருத்தும்போது, நன்றாகத் தெரியும் வரிசையை வைத்துத் திசை பார்ப்பது வழக்கம். செய்யவேண்டுவது இதற்கு மாறானது. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு வரிசையைத் திறந்து, தர அளவைக் குறித்துக்கொண்டு, அவற்றுள் மிகக் குறைந்ததற்கே திசையைச் செம்மைப்படுத்த வேண்டும். பள்ளிகளில் அவ்வெண்களைப் பெட்டியின் பின்புறத்திலேயே தேதியுடன் எழுதி ஒட்டிவைத்தல் நலம். மழைக்காலத்தில் படம் மறைந்தால், கெட்டது தட்டா, கம்பிவடமா, வானிலையா என்பதை அவ்வெண்களோடு ஒப்பிட்டே கூறவியலும்.