முப்பதும் பதினைந்தும்

தூத்துக்குடி உப்பளங்களுக்கு மாசி முதல் புரட்டாசி வரை வெயிலும் காற்றுமே உலை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் பொழிந்து ஓய்ந்துவிட, இப்பக்கம் வறண்ட காற்றே வீசுகிறது. வடகிழக்குப் பருவம் வந்ததும் அளம் ஓயும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நாம் உண்ணும் சோடியம் குளோரைடு அவற்றுள் 27 கிராம் அளவே. எஞ்சியவற்றை விலக்குவதில்தான் அளத்தின் நுட்பம் இருக்கிறது. கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ தேக்கி, பாத்திக்குப் பாத்தி நகர்த்திச் சுண்டவிடுவர். முதலில் சுண்ணாம்பும் அடுத்து ஜிப்சமும் படியும். நீர் பத்தில் ஒரு பங்காகக் குறுகும்போது வெண்மணிகள் பூக்கும். நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியில் அந்நிலை 25 பாகை. 29 பாகையைக் கடந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் கலந்து, விளைந்த உப்பு கசக்கும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும்.

வாருபலகையால் உப்பை வாரிக் கரை சேர்ப்போரின் கண்களை வெண்பரப்பில் தெறிக்கும் ஒளி வருத்துகிறது. பாத வெடிப்பில் உவர்நீர் எரிகிறது. இவர்களைச் சொல்லாமல் உப்பின் வேதியியலை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வாரிய உப்பைக் கழுவுவர். நீர் பட்டால் உப்பு கரையாதா? அதனாலேயே, உப்பு கரைந்து முற்றும் நிறைவுற்ற நீரில் கழுவுகின்றனர். இனி ஒரு மணியையும் ஏற்கவியலாத அந்நீர் மண்ணையும் மக்னீசியத்தையும் மட்டும் கொண்டுபோகும். இவ்வெளிய சூழ்ச்சியை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகிறது.

பண்டை உப்பு வணிகரான உமணர் வண்டியேற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றியது உப்பை மட்டுமே. இன்று சரக்குந்தில் செல்லும் உப்போடு ஒரு மருந்தும் செல்கிறது. கழுத்துக் கழலையையும் குழந்தைகளின் மூளைவளர்ச்சிக் குறையையும் தடுப்பது அயோடின். நகரும் பட்டையில் செல்லும் உப்பின்மீது பொட்டாசியம் அயோடேட்டுக் கரைசலைத் தெளிக்கின்றனர். ஒரு டன் உப்புக்கு அயோடேட்டு 50 கிராம் அளவு இருந்தால் போதும்.

ஆயினும் ஈரம் ஏறினால் அம்மருந்து கசிந்து மூட்டையின் அடிக்கு இறங்கிவிடும். ஆகவே ஒரு கிலோ உப்பில் அயோடின் ஆலையில் 30 மில்லிகிராமுக்கும், கடையில் 15 மில்லிகிராமுக்கும் குறையலாகாது என 2011ஆம் ஆண்டின் இந்திய உணவு விதிகள் வகுத்தன. இடைப்பட்ட 15 வழிக்கென ஒதுக்கிய பங்கு. கிடங்கின் ஓதமும், மழைநாள் பயணமும், கிழிந்த சாக்கும், கடையில் கிடக்கும் மாதங்களும் அதற்குள் அடங்க வேண்டும். பொருளை ஆக்கி முடித்தபின் தொடங்கும் தனி வேலையாக வழங்கலைக் கருதுவோர் இவ்விரு எண்களையும் நோக்குக. வழி எவ்வளவு உண்ணும் என்பதை ஆலையிலேயே கணக்கிட்டு இட்டிருக்கின்றனர். அதுபோலவே, 29 பாகையில் மடை திறக்கத் தவறிய ஒரு நாளின் கசப்புநீர், கழுவலுக்கும் தப்பிவிட்டால், பல மாதம் கழித்துத் தொலைதூரக் கடையொன்றின் மூட்டையில் ஈரமாகக் கசிகிறது.