ஊழியம் முடிந்து சஃபாரி: ரசீது கேட்கக் கூச்சம் வேண்டாம்

கென்யாவுக்கு ஊழியப் பயணம் போகும் சபைக் குழுக்கள் பலவற்றின் நிரலில் கடைசி இரண்டு நாள் மாசாய் மாரா சஃபாரிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். மருத்துவ முகாம், ஜெபக்கூட்டம், பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் பூசும் வேலை எல்லாம் முடிந்ததும் சிங்கம் பார்க்கக் கிளம்புவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. பணம் போகும் வழியில்தான் கோளாறு. விமானச் சீட்டு, தங்குமிடம், சஃபாரி எல்லாவற்றுக்கும் ஒரே தொகையாக ஒருங்கிணைப்பாளர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். "ஐயாகிட்டப் போய் பில் கேட்கிறதா?" என்று தயங்குகிறார்கள். ஊழியத்தில் நீங்கள் தொண்டர். சஃபாரி வண்டியில் ஏறியதும் காசு கொடுத்த வாடிக்கையாளர். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய உரிமை கைநழுவுகிறது.

முதலில், 'எல்லாம் சேர்த்து' என்ற சொல்லை நம்பாதீர்கள். மாராவின் நுழைவுக் கட்டணமே பெரிய தொகை. 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். வில்டபீஸ்ட் மந்தைகள் ஆற்றைக் கடக்கும் பருவம் அடங்கிய ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அதுவும் 12 மணி நேரத்துக்குத்தான் செல்லும். இந்தக் கட்டணம் தொகைக்குள் அடங்குமா, எத்தனை நாளுக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் வாயிலில் குழுவினர் எல்லோரும் பணப்பையைத் துழாவ வேண்டிவரும். உள்ளூர் நிறுவனத்துக்குக் கென்ய சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் உண்டா என்றும் கேளுங்கள்.

பணம் இந்திய டிராவல் ஏஜென்சிக்குப் போனால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பிடிக்கும் டிசிஎஸ் வரி, வாங்குபவரின் பான் எண்ணில்தான் வரவாகும். மொத்தப் பணத்தையும் ஒருவர் பெயரில் கட்டினால் உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய வரி அவர் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

சொன்ன வண்டி வரவில்லை, பாதிப் பயணம் ரத்து என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. முதல் படியாகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். ரசீதே இல்லாமல் கையில் கொடுத்த பணமென்றால் இதெல்லாம் இழுபறிதான்.

சஃபாரி என்றால் சிங்கத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சாலைக்கு யாரும் பயப்படுவதில்லை. 2025 ஜூனில் கத்தாரிலிருந்து கென்யாவுக்குச் சுற்றுலா வந்த இந்தியர் குழுவின் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போயின. நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியே ஐந்தாறு மணி நேரம் ஆகும். முகாமை மதியம் முடித்துவிட்டு இரவோடு இரவாகப் போய்ச்சேரலாம் என்று எந்தத் தலைவர் சொன்னாலும் மறுத்துப் பேசுங்கள். காட்டுக்குள்ளும் திறந்த கூரை வழியே எழுந்து நிற்பவர்கள், வண்டி நகரும் முன் உட்கார்ந்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போப்பா" என்று ஓட்டுநரை நச்சரிப்பது நம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடாது, தடத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது மாராவின் விதி. மீறினால் வம்பில் மாட்டுவது ஓட்டுநரின் பிழைப்பு.

குழுக் காப்பீட்டுத் தாளைப் புரட்டிப் பாருங்கள். முகாம் முடியும் தேதியோடு அதுவும் முடிகிறதா? சஃபாரியும், காட்டிலிருந்து நோயாளியை விமானத்தில் ஏற்றிவரும் செலவும் அதில் உண்டா? இல்லையென்றால் கிளம்பும் முன்பே சேர்த்துக்கொள்ளலாம்.

கேரி பேக்கில் முறுக்கு கட்டிக்கொண்டு போகாதீர்கள். கென்யா 2017இலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்துவிட்டது. கொம்பு, தோல், இறகு எதையும் ஞாபகார்த்தமாக எடுக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான எறும்புகளை வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு 2025 மே மாதம் கென்ய நீதிமன்றம் 10 லட்சம் ஷில்லிங் அபராதம் அல்லது 12 மாதச் சிறை என்று தீர்ப்பளித்தது. எறும்புக்கே இந்தக் கதி.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டாக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது தாண்டியவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால் விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தலுக்கு அனுப்பலாம். மலேரியா மாத்திரையை வீடு திரும்பியதும் நிறுத்திவிடாதீர்கள். மருந்தைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். பல வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "கென்யா போய்வந்தேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு பரிசோதனையிலேயே இரண்டு நாள் ஓடிவிடும். ஆப்பிரிக்காவில் அதிகம் காணும் மலேரியா வகைக்கு அந்த இரண்டு நாள் போதும், உயிருக்கே உலை வைக்க.