மூக்கு நேராயிடுச்சா? செல்ஃபியை நம்பாதீங்க!

கோணல் மூக்குக்கு ஆபரேஷன் முடிஞ்சு கட்டு பிரிச்சதும் முதல்ல என்ன பண்ணுவீங்க? செல்ஃபிதானே! சிக்கலே அங்கதான். 12 அங்குலத்தில் எடுக்கும் செல்ஃபி, 5 அடி தூரப் படத்தைவிட மூக்கைச் சுமார் 30 சதவிகிதம் அகலமாகக் காட்டும் என 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் கணக்கிட்டார்கள்.

அதனால்தான் டாக்டர்கள் முன்னும் பின்னும் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து, முகத்தின் நடுக்கோட்டிலிருந்து மூக்கு எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என அளக்கிறார்கள். மூச்சுக்குத் தனி மார்க். மூக்கடைப்பு, தூக்கம், உடற்பயிற்சி என 'நோஸ்' அளவுகோலில் 5 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. கூட்டி 5-ஆல் பெருக்கினால் 100-க்கு எவ்வளவு எனத் தெரியும். இங்கே மார்க் குறைஞ்சாதான் பாஸ்!

வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுக்குள்ள, "இன்னும் கோணலாவே இருக்கே"னு அடுத்த ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடாதீங்க.