துக்க வீட்டில் சொல்லும் சொல்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள சூளூர்பேட்டை, 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்தினின்று பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த ஊர். இங்குக் குடியேறிய நம்மவர் இல்லத்தில் ஒருவர் காலமானால், தமிழ்நாட்டுச் சுற்றத்தார் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க நேரிடுகிறது. ஐஸ் பெட்டியின் அருகே, தலைமாட்டு விளக்கு அணையாமல் காத்து வீட்டார் விழித்திருப்பர். அவ்விரவில் தெலுங்கு அண்டைவீட்டாரும் வருவர். தமிழ் உறவினரும் வருவர். தெலுங்குப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளோ யாரிடம் என்ன சொல்வதென்று அறியாது நிற்கின்றனர்.

'தாத்தா தவறிவிட்டார்' என்றால், அவர் என்ன தவறு செய்தார் என்று குழந்தை கேட்கிறது! பெரியவர்களைச் 'செத்தார்' என்று கூறும் வழக்கம் நம்மிடம் இல்லை. சைவர் சிவபதம் அடைந்தார் என்பர். வைணவர் பரமபதித்தார் என்பர். கிறிஸ்தவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பர். முஸ்லிம்கள் மௌத்தானார் என்பர். இவற்றைப் பிள்ளைகள் வீட்டிலன்றி வேறெங்குக் கற்பர்?

நாள் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். தெலுங்கர் பலர் 'பெத்த கர்ம' என்பதைப் பதினோராம் நாளில் நடத்துவர். நம்மவருள் பலர்க்குக் கருமாதி பதினாறாம் நாள். சொல்லை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லியனுப்பினால் உறவினர் ஐந்து நாள் பிந்தி வந்து நிற்பர். தேதியைச் சொல்லிவிடுவதே நலம்.

ஜப்பானியர் இவ்விரவை 'த்ஸுயா' என்பர். இரவு முழுதும் என்பது அதன் கருத்து. துக்கம் கேட்க வருவோர் உறையிலிட்டுப் பணம் தருவர்; அதில் புத்தம் புதிய தாள்களை வைப்பதில்லை. சாவை எதிர்பார்த்து எடுத்து வைத்திருந்ததுபோல் தோன்றும் அல்லவா? 'மீண்டும்', 'அடிக்கடி' என்னும் பொருளுள்ள சொற்களையும் அங்கே விலக்குவர். துன்பம் திரும்பி வரலாகாது என்பதே காரணம்.

நாமும் அந்த அச்சம் உடையவர்களே. துக்க வீட்டில் 'வாருங்கள்' என்று வரவேற்பதில்லை. 'போய் வருகிறேன்' என்று விடைபெறுவதுமில்லை. தெலுங்கில் அன்றாடம் சொல்லும் 'வெள்ளொஸ்தானு' என்பதற்கும் பொருள் அதுவே. பெரியோரிடம் சொல்லிக்கொண்டு புறப்படும்படி நாமே பழக்கிய பிள்ளைகள், அங்கும் பழக்கத்தால் அதைச் சொல்லிவிடுவர். அன்று ஒருநாள் சொல்லாமல் எழுந்து வரலாம் என்று முன்னரே கூறி அழைத்துச் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் வீட்டாரின் கையைப் பற்றிச் சற்றுநேரம் அருகில் அமர்ந்திருந்தால் போதும்.

திரும்பியதும் நாம் தலைமுழுகுகிறோம். ஜப்பானியர் வாயிற்படியில் தம்மேல் உப்பைத் தூவிக்கொள்வர். அவர்களுள் ஜோதோ ஷின் பௌத்தர் மட்டும், மரணம் தீட்டன்று என்று கூறி உப்பைத் தவிர்த்துவிடுவர்.