வயிற்றுவலியும் ஒளிச் சோதனையும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. ஆயினும் பொன்னின் மாற்றை உரைகல்லில் நிறங்கொண்டு அறியும் வழக்கத்தை நாம் மறந்தோமில்லை. குருதியையும் நிறங்கொண்டு சோதிக்கலாம்.

மேல்வயிறு திடீரெனக் கடுமையாக வலித்தால், இரைப்பைப் புண் துளைபட்டிருக்கலாம், கணையம் அழன்றிருக்கலாம். முன்னதற்குப் பெரும்பாலும் உடனே அறுவை வேண்டும். பின்னதற்குத் தொடக்கத்தில் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

கணையம் அழன்றால், மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் குருதியில் பெருகும். குருதியிலிருந்து பிரித்த தெளிநீரை மாவுக்கரைசலிற் சேர்த்து, சற்றுப் பொறுத்து அயோடின் இட்டால், அமைலேஸ் மிகமிக நீலம் குன்றும். அந்நீரை ஊடுருவும் ஒளியைக் கருவி அளக்கும். இவ்வளவீட்டின் பயனை 1929இல் எல்மன் முதலிய அறிஞர் காட்டினர். இன்று வேதிப்பொருள்கள் மாறினும் நிறத்தை ஒளியால் அளக்கும் நெறி நிலைத்துள்ளது.

ஆனால் துளைபட்ட புண்ணிலும் அமைலேஸ் ஓரளவு உயரக்கூடும். ஆகவே மருத்துவரின் கையும் கண்ணும் இன்றியமையாதன. கடும் வலிக்குப் பேதிமருந்து உண்ணாது, உடனே மருத்துவமனை செல்வோமாக.