புத்தகத்துக்கு ஒரு விலாசம்

தேசப்படத்தில் சீர்காழி எங்கே இருக்கிறது என்று கேட்டால், பள்ளிக்கூடப் பையன் என்ன செய்வான்? படத்தை மேலும் கீழும் தடவிக்கொண்டிருக்க மாட்டான். கடைசிப் பக்கங்களில் உள்ள ஊர்ப் பட்டியலைப் புரட்டுவான். ஊரின் பெயருக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று குறுக்குக் கோட்டைச் சொல்லும். மற்றொன்று நெடுக்குக் கோட்டைச் சொல்லும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விரலை வைத்தால், அதோ சீர்காழி!

உலகத்தில் எந்த ஊரையும் இரண்டே கோடுகளால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரு புத்தகத்தை? ஒரு லட்சம் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் நூல் நிலையத்தில், இந்தியாவில் காசநோய்க்குச் செய்யும் சிகிச்சையைப் பற்றிய நூல் ஒன்று வேண்டும். எங்கே போய் விரலை வைப்பது?

இந்தக் கேள்விக்குப் புதிய விடை ஒன்றைக் கண்டவரும் சீர்காழிக்காரர்தான். அவர் எஸ். ஆர். ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படுபவர்.

வேண்டா வெறுப்பாக வந்த வேலை

1892-ல் பிறந்த ரங்கநாதன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் அதே கணிதத்தைக் கற்பித்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு நூலகரானார்.

வகுப்பு நிறைய மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு, புத்தகங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருப்பது சிறைவாசம்போல் இருந்தது. சில நாட்களிலேயே கல்லூரிக்கு ஓடி வந்து, பழைய வேலையைக் கொடுக்கும்படி கேட்டார். ‘முதலில் லண்டனுக்குப் போய் அந்தத் தொழிலைப் படித்துவிட்டு வாரும், அப்போதும் பிடிக்கவில்லையானால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

அப்படித்தான் 32 வயதில் ஆசிரியர் மறுபடியும் மாணவரானார். லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சி. புத்தகங்களை வகைப்படுத்தும் கலையைச் சொல்லிக்கொடுத்தவர் பெர்விக் சேயர்ஸ். படிப்போடு படிப்பாக, இங்கிலாந்தின் நூல் நிலையங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார் இந்த மாணவர்.

பார்க்கப் பார்க்க அவருடைய கணித மூளைக்கு ஒரு குறை தெரிந்தது.

அஞ்சறைப்பெட்டி

அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தது, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசாம்ச முறை. உலகத்து அறிவையெல்லாம் பத்துப் பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவையும் மறுபடி பத்தாக்கி, அதையும் பத்தாக்கி எண் கொடுக்கும் முறை அது. எளிமையானது; நன்றாகவும் உழைத்தது.

ஆனால் அது அஞ்சறைப்பெட்டி மாதிரி. கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை, மிளகுக்கு ஓர் அறை என்று முன்கூட்டியே செய்து வைத்தாயிற்று. நாளைக்குப் புதிதாக ஒரு சாமான் வந்தால்? அல்லது கடுகும் சீரகமும் கலந்தே வந்தால் எந்த அறையில் போடுவது? அறிவு நாளுக்கு நாள் வளருகிறது, ஒன்றோடொன்று கலக்கிறது. பெட்டியோ வளர மறுக்கிறது!

பொம்மைக் கடையில் கிடைத்த விடை

லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் செல்ப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடை இருக்கிறது. அங்கே ஒரு நாள், குழந்தைகளுக்கான ‘மெக்கானோ’ விளையாட்டுச் சாமானைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். சில இரும்புத் தகடுகள், சில கம்பிகள், சில சக்கரங்கள், கொஞ்சம் திருகாணிகள். அவ்வளவுதான். அதே துண்டுகளை ஒரு விதமாக முடுக்கினால் ஒரு வண்டி. கழற்றி வேறு விதமாக முடுக்கினால் ஒரு பாலம்!

ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. புத்தகத்துக்கு ஏன் ஆயத்த அறை செய்து வைக்கவேண்டும்? துண்டுகளை மட்டும் கொடுத்துவிட்டால், வருகிற புத்தகத்துக்கு ஏற்றபடி விலாசத்தைப் பூட்டிக்கொள்ளலாமே! துண்டையும் துண்டையும் இணைக்கும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. இங்கிலீஷில் அதற்குக் கோலன் என்று பெயர். அதனால்தான் 1933-ல் அச்சில் வந்த அந்த முறை ‘கோலன் பகுப்பு’ என்று பெயர் பெற்றது. 1925-ல் தாயகம் திரும்பும்போது, கப்பலில் இருந்த புத்தகங்களைக் கொண்டே அதைச் சோதித்துப் பார்த்தார் என்று சொல்வார்கள்.

ஐந்து கோடுகள்

ஊருக்கு இரண்டு கோடுகள் போதும். புத்தகத்துக்கு ஐந்து கோடுகள் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. எதைப் பற்றியது? அதன் தன்மை என்ன? அதில் நடக்கும் செயல் என்ன? எந்த இடத்தில்? எந்தக் காலத்தில்? எந்த அறிவையும் இந்த ஐந்து கேள்விகளால் பிடித்துவிடலாம்.

நாம் தேடிய காசநோய்ப் புத்தகத்தையே பார்ப்போம். மருத்துவத்துக்கு ‘எல்’ என்ற எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, இந்தியாவுக்கு 44. கடைசியில் காலத்துக்கு ஒரு குறி. எல்லாவற்றையும் வரிசையாகப் பூட்டினால் விலாசம் தயார்! இதே நோய்க்கு ஜப்பானில் செய்த சிகிச்சை என்றால் 44-ஐக் கழற்றிவிட்டு 42-ஐ மாட்டினால் போதும். பிரான்சு என்றால் 53. மற்றத் துண்டுகள் அப்படியே இருக்கும்.

இடத்துக்கு ஏன் தனிக்கோடு?

இந்த ஐந்தில் இடத்துக்கும் ஒரு கோடு கொடுத்தது வெறும் ஒழுங்குக்காக அல்ல. ஒரு விவரத்தை இடவாரியாக அடுக்கினாலே புதிய உண்மை புலப்படும். ரங்கநாதன் மாணவராக நடந்த அதே லண்டன் நகரம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

1854 ஆகஸ்டு கடைசியில், சோஹோ பகுதியில் காலரா மூண்டது. சில வாரங்களில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கெட்ட காற்றினால் வரும் நோய் என்பதே அப்போது பெரும்பாலோர் நம்பிக்கை. இறந்தவர்களின் பெயரும் தேதியும் பதிவேட்டில் இருந்தன. தேதி வரிசை, சாவு பெருகுகிறது என்று மட்டும் சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை.

ஜான் ஸ்நோ என்ற டாக்டர் இறந்தவர்களின் விலாசங்களை வாங்கிக்கொண்டு வீடு வீடாக விசாரித்தார். பிராடு தெருவின் கைப்பம்பைச் சுற்றித்தான் சாவு அடர்ந்திருந்தது. அதே வட்டாரத்தில் சொந்தக் கிணறு வைத்திருந்த ஏழைகள் விடுதி ஒன்றில் சாவு மிகக் குறைவு. பீர் ஆலைத் தொழிலாளிகளோ பம்புத் தண்ணீரைத் தொடுவதே இல்லை. அவர்களில் ஒருவரும் சாகவில்லை! ஸ்நோவின் பேச்சைக் கேட்டு, செப்டம்பர் 8-ந்தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தணியத் தொடங்கிவிட்டது உண்மைதான். ஆனால் பிறகு அவர் வெளியிட்ட படத்தில், ஒரு சாவுக்கு ஒரு கறுப்புக் கோடாக அந்தப் பம்பைச் சூழ்ந்து நின்ற காட்சியை உலகம் மறக்கவில்லை. பதிவேட்டில் புதைந்து கிடந்த செய்தி, இடத்தில் வைத்ததும் வாய் திறந்து பேசியது!

நடு வீடு யாருக்கு?

இடம் கொடுப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. படம் வரைகிறவன் தன் வீட்டை நடுவில் வைத்துத்தான் வரைவான்.

டூயி அமெரிக்க வாசகர்களை நினைத்து எண் கொடுத்தார். சமயத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் 220 முதல் 289 வரை கிறிஸ்தவ மதத்துக்கே போயிற்று. இந்து மதம், இஸ்லாம், பவுத்தம் எல்லாம் 290 என்ற ஒரே திண்ணையில் நெருக்கி உட்காரவேண்டும். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்று இலக்கம். ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியத்துக்கோ 894.811! தெருக்கோடி வீட்டுக்குத்தான் விலாசம் நீளமாக இருக்கும்.

ரங்கநாதன் என்ன செய்தார்? பழிக்குப் பழியாக இந்தியாவை உலகத்தின் நடுவில் வைக்கவில்லை. உலகத்துக்கு 1 என்று எண் கொடுத்தார். அடுத்த எண்ணான 2-ஐ எந்த நாட்டுக்கும் கொடுக்காமல், ‘தாய் நாடு’ என்று நிறுத்தினார். நூல் நிலையம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு அந்த 2 சொந்தம்! இந்தியாவில் இருந்தால் இந்தியாவுக்கு. ஜப்பானில் இருந்தால் ஜப்பானுக்கு. அவரவர் வீட்டில் அவரவருக்கு முதல் இலை. மொழிகளில் திராவிடக் குடும்பத்துக்கு 3, தமிழுக்கு 31. இரண்டே இலக்கம்!

வெறுங்கையோடு திரும்பலாமா?

இத்தனை பாடும் யாருக்காக? வாசகனுக்காக. 1931-ல் ரங்கநாதன் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகனின் நேரத்தை வீணாக்காதே என்பது. இருக்கிற புத்தகம் கையில் கிடைக்காமல் ஒருவன் வீடு திரும்பினால், அவனைப் பொறுத்தவரை அந்தப் புத்தகம் எழுதப்படவே இல்லை. பணம் உள்ளவன் கடையில் வாங்கிக்கொள்வான். நூல் நிலையத்தையே நம்பியிருக்கும் ஏழை மாணவன் எங்கே போவான்?

பட்டணத்து அலமாரியோடு அவருடைய அக்கறை நின்றுவிடவும் இல்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கு அவருடைய இடைவிடாத முயற்சி முக்கியக் காரணம். தாம் சேர்த்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதா அம்மையாரின் பெயரும் சேர்ந்து விளங்க, நூலகத் துறைக்குப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். வேண்டாம் என்று ஓடியவர், வாழ்நாள் சேமிப்பையே அந்தத் துறைக்குக் கொடுத்தார். 1972-ல் மறைந்தார்.

கோலன் முறையைக் கையாளும் நூல் நிலையங்கள் இன்று குறைவு. டூயி முறைதான் உலகெங்கும் பரவி நிற்கிறது. ஆனால் கைப்பேசியில் சேலை தேடும் பெண்மணி, பட்டா பருத்தியா, என்ன நிறம், எந்த ஊர் நெசவு, என்ன விலை என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் குறுக்கிக்கொண்டு வருகிறாரே, அது ரங்கநாதன் காட்டிய வழிதான். ஆயத்த அறை இல்லை. கேள்விகளைப் பூட்டிப் பூட்டி விடையை நெருங்குகிறார்.

பல நூல் நிலையங்களில் ஓர் அறிவிப்பைப் பார்க்கலாம். படித்த புத்தகத்தை மேஜைமீதே வைத்துவிட்டுப் போகும்படி அதில் எழுதியிருக்கும். நாமே அலமாரியில் வைத்துவிட்டால் சிப்பந்திக்கு ஒரு வேலை மிச்சந்தானே என்று தோன்றும். அது தவறு. இரண்டு புத்தகம் தள்ளி வைத்துவிட்டால்கூட அந்தப் புத்தகம் விலாசம் தப்பிவிடும். பட்டியலில் பெயர் இருக்கும். கட்டிடத்துக்குள் புத்தகமும் இருக்கும். தேடி வருகிறவனுக்கு மட்டும் அது கிடைக்காது. மேஜைமீது வைத்துவிட்டுப் போவதே அடுத்த வாசகனுக்கு நாம் செய்யும் உபகாரம்.